வெள்ளைத் துண்டில் ஒரு பேன்

எங்கள் குடும்பத்தில் அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்பாவுக்கு அக்கா. கட்டிய புருஷனை உதறிவிட்டு, ஈஜோக் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வெளியேறி, பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்தவள். எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்கள் அவளை 'இரும்பு' என்பார்கள். அந்த இரும்பிடம்தான் ஒன்பது வயதில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். அம்மாவுக்குக் காசநோய் என்று கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூனைக்குட்டிகளைப் பிரித்துக் கொடுப்பதுபோல எங்களைப் பிரித்தார்கள். அண்ணன் அப்பாவோடு, தம்பி பெரியம்மா வீட்டுக்கு. யாரும் கேட்காத நான் அத்தைக்கு. பஸ்ஸில் வரும்போது அப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்த மனசு கோணாம நடந்துக்க. அவ வேணாம்னுட்டா அப்புறம் அநாத ஆசிரமம்தான்."

வந்த அன்று சாயங்காலம் அத்தை கையில் சீப்போடு என்னைக் கூப்பிட்டாள். பஸ் காற்றில் என் தலை கலைந்து கிடந்தது. அவள் பின்னலைத் தொட்டதும் நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா போட்டது. அவுக்காதீங்க."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பின்னல் ஒன்பது நாள் தாங்கியது. பிறகு நானே அவிழ்த்து, நானே எண்ணெய் வைத்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னிக்கொண்டேன். ஊரில் உள்ள தலையெல்லாம் அத்தையின் கைக்குள் வந்து போயிற்று. என் தலைப்பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரும்பு என்று சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் கடையைத் தயார்செய்வது என் வேலை. முதலில் பழைய பேப்பரை நனைத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சீப்புகளை டெட்டால் தண்ணீரிலிருந்து எடுத்து உதறி, பல் அகன்றது இடப்பக்கமும் பல் நெருங்கியது வலப்பக்கமுமாக அடுக்க வேண்டும். முடி சுருட்டும் உருளைகள் நிறத்துக்கொரு தட்டில். சின்ன உருளை சிவப்பு, பெரியது சாம்பல். உருளையில் முடியைச் சுற்றுமுன் நுனியில் வைக்கும் மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவைக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட தாளை அத்தையிடம் நீட்டினால் அவள் வாங்கமாட்டாள், நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். கடைசியாக வெள்ளைத் துண்டுகளை மூன்றாக மடித்து நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவேன். மத்தியானம் வந்ததும் உதவிக்கு நிற்பேன். முடியைச் சுருளாக்கும் பெர்ம் மருந்து அழுகிய முட்டைபோல நாறும். சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. காலையில் எழுந்திருக்கும்போது என் தலையணையிலும் அந்த வாடை அடிக்கும். என் கை வாடைதான் என்று நினைத்துத் தலையணையைத் திருப்பிப் போடுவேன்.

நான் படுப்பது கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த நடையில், பாய் போட்டு. அத்தைக்கு உள்ளே அறையும் கட்டிலும் இருந்தன. லயத்தில் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாகப் படுப்போம், திரும்பினால் யாராவது ஒருவர் மேல் இடிக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அழுதால் சத்தம் கேட்கும் என்று போர்வையைக் கடித்துக்கொள்வேன். அப்படியே தூங்கியும் போவேன். என் தூக்கம் அப்படி. லோரி ஏறினாலும் எழுந்திருக்கமாட்டேன் என்று அம்மா சொல்வாள்.

என்னோடு லயத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள், என் தலையில். அம்மா வீட்டில் இருந்தவரை சாயங்கால வேலை அதுதான். வாசல்படியில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பெண்கள் பேன் பார்ப்பார்கள். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் நான். அவள் நகத்தில் நசுங்கும் 'டிக்'கென்ற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். இங்கே தலை அரிக்கும்போதெல்லாம் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும். அம்மா காலத்து ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று.

பயத்துக்குக் காரணம் அத்தையின் சட்டம். நாற்காலியில் உட்கார்ந்தவளின் முடியை வாலுள்ள சீப்பின் நுனியால் இரண்டு இடத்தில் விலக்கிப் பார்ப்பாள். ஒரு ஈர் தெரிந்தாலும் கை படாது. மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லி அடுத்த வாரம் வரச் சொல்வாள். போகும்போது பேன் சீப்பு ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுப்பாள். வந்தவளுக்கும் புரிந்துவிடும், யாருக்கும் அவமானம் இல்லை. முடிக்கடையில் பேன் என்று ஒரு பேச்சு கிளம்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். என் தலையிலிருப்பது தெரிந்தால் எனக்கு ஆசிரமம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணெயை வழிய வைத்து இறுக்கிப் பின்னிக்கொள்வேன்.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். மத்தியானம் சாப்பிட்டதும் அத்தை அரை மணி நேரம் கண்ணயர்வாள். கடைக்கதவு பாதி சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் நான் நாற்காலியில் ஏறி, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளராவேன். பின்னலை அவிழ்ப்பேன். எப்படி வேணும்மா என்று கேட்பதும் நான்தான், நல்லா மெதுவா வாரிவிடுங்க என்று சொல்வதும் நான்தான். கண்ணை மூடிக்கொண்டால் சீப்பு வேறு யாரோ கையில் இருப்பதுபோல இருக்கும். பிறகு துண்டை அதே மடிப்பில் மடித்துத் தொங்கவிடுவேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி பெர்ம் பண்ண வந்தாள். அவளைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் வருவார்கள். அவள் தலை எப்படியோ அப்படித்தான் அந்த வருஷத்துத் தீபாவளிக்கு எல்லாத் தலையும். அத்தை அன்று புதுச் சட்டைகூடப் போட்டிருந்தாள். நான் தாள் நீட்ட, அவள் சுற்ற, பாதித் தலை முடிந்து மருந்தும் ஊற்றியாயிற்று. அப்போது கிராணியம்மாவின் தோளில் கிடந்த துண்டில் ஒன்று ஊர்ந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். நல்ல கொழுத்த பேன். எண்ணெய்த் தலையில் வளர்ந்தது, பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் இருந்த தாள்கள் ஒட்டிக்கொண்டன. அடுத்து அதைக் கண்ணாடியில் பார்த்தது கிராணியம்மா.

அவள் கத்தவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள். "எஸ்டேட்டு புள்ளய கடையில நிப்பாட்டுனா இதான் லா வரும்."

அத்தை அந்தப் பேனை விரலால் எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். 'டிக்.' பிறகு, தேதி சொல்கிற குரலில் சொன்னாள். "புள்ள தலையில ஒண்ணும் இல்ல. அது எந்தலையிலேருந்து விழுந்தது."

பாதிச் சுருளில் எழுந்து போக முடியாது, முடி வெந்துவிடும். அதனால் கிராணியம்மா மருந்து ஊறும்வரை முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை மீதித் தலையைச் சுற்றி முடித்தாள். நான் தாள் நீட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் நான் என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நின்றதில்லை.

மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடைக்காரி தலையிலேயே பேனாம். வழக்கமாகத் தீபாவளி வாரத்தில் பெண்கள் கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதைவரை நின்று காத்திருப்பார்களாம். அந்த வருஷம் நான் காலையில் அடுக்கிவைத்த உருளைகள் சாயங்காலமும் அடுக்கியபடியே இருந்தன. அத்தை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். யாராவது கடையைத் தாண்டிப் போனால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்காக ஒரு பொய் சொல்லி அவள் கடையையே கெடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் ஒரு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் என் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள். ஆசிரமம் என்றேன்.

"பைய வச்சுட்டு நாக்காலியில ஏறு."

மொட்டைதான் என்று நினைத்தேன். ஏறினேன். அத்தை வெள்ளைத் துண்டை என் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். பின்னலுக்குக் கை போனது, பாதியில் நின்றது.

"அவுக்கட்டா?"

தலையாட்டினேன். அழுகை அப்போதுதான் வந்தது. அத்தை கற்பூரம் பொடித்துப் போட்ட தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, பகுதி பகுதியாகப் பிரித்து, கிளிப் போட்டு, பேன் சீப்பால் வாரினாள். கிராணியம்மாவுக்குச் செய்ததைவிட மெதுவாக. விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கள் ஆட்கள், வீட்டுக்கு ஆகாது என்று. பொழுது இறங்கியது, சாமி விளக்கையும் ஏற்றிவைத்துவிட்டு வந்து அத்தை தொடர்ந்து பார்த்தாள்.

முடிந்ததும் அவள் தரையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துப் போட்டாள். சீப்பைப் பின்னால் நீட்டினாள்.

"இப்ப எனக்குப் பாரு."

விலக்கிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கேயும் குஞ்சும் குளுவானுமாகக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. நேற்று வந்ததல்ல, முடி வளர வளர ஈர்களும் அதோடு கீழே இறங்கியிருந்தன. சொன்ன பொய்யைச் சாமி உண்மையாக்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்காகப் பொய் சொன்னதற்கு அவளுக்குத் தண்டனை. அதை அவளிடம் சொல்லப் பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். அத்தையின் தலை மெல்ல என் முழங்காலில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

டிசம்பர் பள்ளி விடுமுறை முடிவதற்குள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். புள்ள தலை சுத்தமா இருக்கு, பாத்துக்க என்று மட்டும் அத்தை அவரிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் திரும்பும்போது பார்த்தேன். நான் அடுக்கிவைத்துவிட்டு வந்த சீப்புகளை அவள் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை போய்ச் சேர்ந்து சில வருஷங்களுக்குப் பிறகு, என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து மலாயில் ஒரு தாள் வந்தது. வகுப்பில் பேன் பரவுகிறதாம். பேனுக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது, ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டியிருந்தால்தான் ஏறும் என்று எழுதியிருந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்க, நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தேன். வாடிக்கையாளர் தலையில் ஒரு ஈர் தெரிந்தாலும் கை படாமல் அனுப்புகிறவள் அத்தை. அந்த வீட்டில் இருந்தது இரண்டே தலை. விடிந்ததும் என் தலையணையில் அடித்த பெர்ம் வாடை ஞாபகம் வந்தது. நான் விழித்திருந்த நேரத்தில் அவை இரண்டும் ஒரு நாளும் ஒட்டியதில்லை.