வேடியப்பனின் சாக்குப் படுதா

வேடியப்பன் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டு, பொங்கி அடங்கிய பாலுக்கு நேரே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார், ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை மாதிரி. பிழிந்தாயிற்று. பால் திட்டுத் திட்டாகத் திரிகிறது. "போச்சு" என்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு இதே எலுமிச்சை, இதே "போச்சு".

செங்கம் சாலையில் பன்னிரண்டு வருஷம் வெறும் டீ மாஸ்டர். "எங்கையில பாலு திரிஞ்சதா சரித்திரமே கெடையாது" என்று டீ கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்தவர். அந்தச் சரித்திரத்தை 1998இல் ஒரு ஜெர்மனிக்காரம்மா வந்து முடித்துவைத்தார். உலகத்தையே துறந்துவிட்டு அண்ணாமலை அடிவாரத்துக்கு வந்த அந்த அம்மையாரால் சீஸை மட்டும் துறக்க முடியவில்லை. சைகையாலேயே செய்முறை சொல்லிக்கொடுத்தார். அவரைப் பார்த்து மற்ற துறவிகளும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. திரிந்ததை வேட்டித் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டுப் புளிப்பை அலசி, ஆணியில் தொங்கவிடுவார். இறுக்கிப் பிழிய மாட்டார். பிழிந்தால் மெத்தென்று இருக்காதாம். பப்பாளி, கொய்யா, வாழை, மாதுளை முத்து இவற்றின் மேல் அதை உதிர்த்து, தேன் விட்டு, உச்சியில் ஒரு புதினா இலை வைத்துச் சாலட் ஆக்குவார். தான் மட்டும் ஒரு வாய் வைத்ததில்லை. "திரிஞ்ச பால துன்றதுக்கு நான் இன்னா வெள்ளைக்காரனா?"

இது கடையில் கூடமாட நிற்கும் எனக்குச் சொன்னது. தெருவுக்குச் சொன்ன கதை வேறு: சீஸ் மெட்ராஸிலிருந்து வருகிறது. படுதா எதற்கு என்றால், "காத்து ஜாஸ்திங்க, அடுப்பு அணைஞ்சிடும்." இலைகூட அசையாத நாளிலும் அந்தக் காற்று அவருக்கு மட்டும் அடித்தது.

போன மார்கழியில் வம்பு வந்தது. பக்கத்துப் பூக்கடை கன்னியம்மாள் படுதாவின் ஓட்டை வழியே திரிந்த பாலைப் பார்த்துவிட்டார். ஒருநாள் அல்ல, மூன்று நாள். நல்ல மனசு, பொறுக்குமா? பால்காரர் முருகையனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அண்ணா, உங்க பாலு தெனம் திரியுது. பாவம், அந்த மனுசன் வெளிய சொல்லாம மறைச்சிகினு இருக்காரு."

அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிற முருகையனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாள் கேனைக் கீழே இறக்கவே இல்லை. "எம் பாலு கெட்டதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இன்னியோட சரி." பெஞ்சில் பதினோரு பேர் சாலட்டை நினைத்துக் கண்மூடித் தியானத்தில் இருந்தார்கள். சீசன் நேரத்தில் வேறு பால் கிடைக்காது. பால் இல்லையென்றால் கடையே இல்லை.

வேடியப்பனுக்கு வேர்த்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பால் போகும். திறந்தால் சரித்திரம் போகும். கடைசியில் முருகையனைப் படுதாவுக்குள் இழுத்துப்போனார். டீக்கு வைத்த ஒரு சொம்புப் பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. "நான்தான்யா கெடுக்கிறேன். உம் பாலு தங்கம்யா" என்று எலுமிச்சம்பழத்தைக் காட்டினார்.

"நல்ல பால எவன்யா தெரிஞ்சே கெடுப்பான்? வெளிச்சத்துல செய், பாக்கிறேன்" என்று முருகையன் படுதாவை விலக்கினார். எதிரே மலை முழுசாகத் தெரிந்தது.

வேடியப்பன் பாய்ந்து படுதாவை மூடினார். "தெருவுக்காகக் கட்டலைய்யா. அவருக்காக" என்று மோவாயால் மலைப் பக்கம் காட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாலாபிசேகம் பாக்கிற கண்ணுய்யா அது."

வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழத்தைப் பிழிந்தார். பால் திரிந்தது.

"போச்சு" என்றார் முருகையன். வெளியே போய்க் கேனை இறக்கிக்கொண்டு வந்தார். பெரிய சட்டியில் பால் பொங்கி அடங்கி, வேடியப்பன் அடுத்த பழத்தை அறுத்தபோது, காற்றே இல்லாத அந்தக் காலையில் முருகையன் படுதாவின் மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.