கம்பியடுப்பின் மேல் போட்ட சாக்கு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கம்பியடுப்பு வந்து நின்ற அன்று மாலையே மழை பெய்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே நின்று, அது நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் டிரம் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதிக்கு நான்கு கால்கள் வைத்து, மேலே தூக்கி எடுக்கும்படியாக ஒரு கம்பித் தட்டையும் போட்டு, ரப்பர் தோட்டத்து ஃபிட்டர் என் கணவருக்காகச் செய்துகொடுத்தது. டிரம்முக்குள் கரியை மூட்டி, கம்பியின்மேல் மீனை வாட்ட வேண்டும். கம்போங்கில், அதாவது மலாய்க்காரர்கள் கிராமத்தில், யாரோ சுட்டுக்கொடுத்த மீனைச் சாப்பிட்ட நாளிலிருந்து அவருக்கு அந்த ஆசை. புகை வீட்டுக்குள் அடைந்தால் எட்டு மாதக் குழந்தைக்கு இருமல் வரும் என்று, அடுப்பை வெளியே வைக்கச் சொன்னவள் நான்தான்.

நனைந்தால் துருப்பிடிக்காதா என்று கேட்டேன். இரும்பு நனையும், காயும், அதற்கு என்ன என்றார் அவர். மறுநாள் ஃபிட்டரைக் கேட்டேன். மூடித்தான் வைக்க வேண்டும், ஆனால் சூடு ஆறாமல் மூடக்கூடாது, தரைவரைக்கும் இழுத்து மூடினால் உள்ளே வேர்த்து அதனாலேயே துருப்பிடிக்கும் என்று அவர் சொன்னார். மூடினாலும் கெடும், மூடாவிட்டாலும் கெடும் என்று எனக்குக் கேட்டது. மூன்று நாள் யோசித்தேன். மூடினால் அடியில் பாம்பு வந்து சுருண்டுகொள்ளுமே என்றும் யோசித்தேன். நான் அப்படித்தான். பால் போத்தலை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த பிறகு, சரியாகக் கொதித்ததா என்ற சந்தேகத்தில் திரும்பவும் போடுகிறவள்.

கடைசியில் இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, அதன்மேல் ரப்பர் பாலை மூன்று தடவை பூசிக் காயவைத்தேன். தோட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ள எல்லோரும் செய்கிற சாக்குதான். ஒரு குவளை பாலுக்குக்கூட துரையிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கணவரை நச்சரித்தேன். கேட்டார். துரை சிரித்தாராம்.

செலண்டாருக்கு உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. முந்தின ஆண்டுதான் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே கேட். காலையில் பால்வெட்டப் போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண் இருந்தாள். காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச்சேரக்கூடாது என்பது அவசரகாலச் சட்டம். யார் வீட்டிலும் அரிசி இருக்கக்கூடாது. எல்லோருக்குமான சோறு பெரிய குசினியில், பொதுச் சமையலறையில், காலையிலேயே வெந்துவிடும்; வரிசையில் நின்று வாங்கிவந்ததுதான் அன்றைக்கு. மீன், காய் நாங்களே சமைத்துக்கொள்ளலாம். கடையில் குழந்தைக்குப் பால் டின் வாங்கினால், சேர்த்துவைக்க முடியாதபடி ஆணியால் இரண்டு ஓட்டை குத்தித்தான் கையில் தருவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இரண்டு கை அரிசி வைத்திருந்து பிடிபட்டார். அவரை இந்தியாவுக்கே கப்பலேற்றிவிட்டார்கள் என்றும், இல்லை, இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறார் என்றும் பேசிக்கொண்டார்கள்.

என் கணவர் அந்தத் தோட்டத்தின் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவர். பெரிய குசினிக்கு அன்றாடம் அரிசி நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஸ்டோர் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அதனால் மற்றவர்களுக்கு இருந்த பயம் எனக்கு இரண்டு மடங்கு. எங்கள் வீட்டில் ஒரு பிடி அரிசி கிடைத்தால், திருடினார் என்றும் சொல்லலாம், காட்டுக்குக் கொடுத்தார் என்றும் சொல்லலாம்.

அடுப்பு நின்ற இடத்துக்கும் வேலிக்கும் பத்து அடிகூட இருக்காது. சாக்கு போட்ட இரண்டாம் நாள், ரவுண்டு வந்த மாத்தா ஒருவர் துப்பாக்கி முனையால் அதைத் தூக்கிப் பார்த்தார். போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். சின்ன வயதுக்காரர். கம்பியைப் பார்த்துவிட்டு, மீன் சுடும்போது தன்னையும் கூப்பிடும்படி மலாய் மொழியில் வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.  அன்றே சாக்கை எடுத்துவிட்டேன். மழை வந்தது, திரும்பப் போட்டேன். மூடிவைத்த பொருளைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வராதா என்று கணவரைக் கேட்டேன். அவர் மழையிலேயே இறங்கிப் போய், சாக்கின் நான்கு முனைகளையும் கயிற்றால் கால்களோடு கட்டிவிட்டு வந்தார். இரும்புதானே என்று சொன்ன மனிதர்.

மீன்காரர் சனிக்கிழமைதான் வருவார். கேட்டில் அவர் பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். மற்ற ஆறு நாளும் அடுப்பு சாக்குக்குள் கிடக்கும். ஒரு வாரம் அவர் புதன்கிழமையே வந்துவிட்டார். கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் நான்கு வாங்கிக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு, கரிக்கூடையோடு பின்னால் போனேன். கயிற்றை அவிழ்த்தேன். போன சனிக்கிழமை நான் போட்ட முடிச்சாகத் தெரியவில்லை. கம்பித் தட்டைத் தூக்கியபோது, சாம்பலின்மேல் ஒரு பால் டின் இருந்தது. வாய் நீலத் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். முக்கால் டின் அரிசி.

கரிக்கூடையை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது. டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடி, குழந்தையின் அழுக்குத் துணிக் கூடைக்கு அடியில் செருகினேன். ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை.

முதலில் தோன்றியவர் என் கணவர்தான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. காட்டில் இருந்தவர்கள் கிராணிமார்களை மிரட்டி அரிசி கேட்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் தினமும் சைக்கிளில் காடு ஓரமாகத்தான் போய்வந்தார். சாவி அவரிடம் இருந்தது. மழையில் இறங்கிக் கயிறு கட்டியவரும் அவர்தான். இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரை ஒரு மணி நேரத்தில் அந்நியராக்கிவிட்டேன். அவரைக் கொண்டுபோய்விட்டால் குழந்தையோடு மலாக்காவுக்கு எப்படிப் போவது, அப்பா வீட்டில் என்ன சொல்வது என்பது வரைக்கும் யோசித்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு டின்னை எடுத்துக் காட்டினேன்.

“எங்க இருந்துச்சு?”

சொன்னேன். அவர் டின்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நான் வச்சேன்னு நெனச்சியா?”

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் டின்னைக் கட்டியிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கொஞ்சம் அரிசியை உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளிப் பார்த்தார். வண்டு ஊர்ந்தது. இது ஸ்டோர் அரிசி இல்லை, பழசு, பெரிய குசினி வருவதற்கு முன்னால் யாரோ ஒதுக்கிவைத்தது என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“குடுத்தா, யாருதுன்னு கேப்பான். தெரியலன்னு சொன்னா நம்மளதுன்னு எழுதிக்குவான். இல்லாட்டி லயத்துல பத்து பேரப் புடிச்சிட்டுப் போவான். நாலு மணிக்கு ரவுண்டு இருக்கு. அதுக்குள்ள எப்படியாச்சும் வரேன். நீ வெளிய போவாத.”

மீன் அப்படியே இருந்தது. அவர் சாப்பிடாமல் போனார்.

மூன்று மணிக்குத் துணி துவைக்கிற அக்கா வந்தார். காலையில் பால்வெட்டிவிட்டு, பிற்பகலில் எங்கள் துணிகளைத் துவைத்துக் கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்றாலும் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார். எப்போதும் பின்பக்கமாகவே வருவார். அன்று வந்தவர், திறந்து கிடந்த அடுப்பைப் பார்த்து, ஒரு கணம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். பால்வெட்டுக்காரர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் நீலத் துணி உறை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

“அக்கா, நீங்கதான வச்சீங்க?”

அவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். “புள்ளைக்கு வயித்தால போறது நிக்கலம்மா, பதினஞ்சு நாளா. குசினி சோறு சாயங்காலத்துக்குப் புளிச்சுப்போவுது. கஞ்சிக்கு ஒரு பிடி ஒரு பிடியா எடுத்துக்கிட்டிருந்தேன்.”

“அதுக்கு எங்க வீடுதானா கெடச்சுது?”

“லயத்துல வாரம் ரெண்டு தடவ கவுத்துப் பாக்குறான். கிராணி வீட்டுச் சாமான எவன் கவுத்துப் பாப்பான்?”

மாத்தா ஒருவர் ஏற்கெனவே தூக்கிப் பார்த்ததைச் சொன்னேன். அரிசி பிடிபட்டிருந்தால் என் கணவர் கதி என்ன தெரியுமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, உடனே தாழ்த்திக்கொண்டேன். தெரியாது என்று அவர் சொல்வார், அழுவார், நான் மன்னித்துவிடுவேன் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“தெரியும்மா. தெரிஞ்சுதான் வச்சேன். ஒங்க புள்ளைக்குன்னா நீங்க வைக்கமாட்டீங்களா?”

 உள்ளே குழந்தை விழித்து அழுதது. நான் போய் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் நானும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இன்றைக்கு இங்கே துவைக்க வேண்டாம், உங்கள் லயத்துக் குழாயடியில் துவையுங்கள் என்று சொல்லி, அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். டின் அடியில் இருந்தது. மேலே குழந்தையின் துணிகள், காலையிலிருந்து அலசாதவை. கனத்தைக் கையில் உணர்ந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து லயத்துக்கு ஒரே நேர்ப்பாதை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி ஆகவில்லை, ஆனாலும் பாதி வழியில் மாத்தா எதிரே வந்தார். துப்பாக்கி முனையால் சாக்கைத் தூக்கியவரேதான். அக்காவை நிறுத்தினார். அக்கா கூடையைக் கீழே இறக்கி, அவர் முகத்துக்கு நேராக ஒரு துணியைத் தூக்கிக் காட்டினார். மாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, போ என்று கையை வீசினார். அந்த நேரத்தில் நான் கடவுளிடம் கேட்டது, அக்கா பிடிபடக்கூடாது என்பதல்ல. பிடிபட்டால் எங்கள் பெயரைச் சொல்லிவிடக்கூடாது என்பதுதான்.

என் கணவர் மூச்சிரைக்க வந்தபோது, போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குப் பாதுகாப்பு என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அக்காவின் பெண்குழந்தை தேறிவிட்டது. அதைச் சொல்லிவிட வேண்டும். தேற இன்னும் ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. இப்போது நாங்கள் மாற்றலாகி ஆயர் குரோ பக்கம் வந்துவிட்டோம். என் மகனுக்கு நான்கு வயது, அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அவன் வயிறு சரியில்லை என்று கஞ்சி வைக்கும் நாட்களில் எனக்கு ஒன்று தோன்றும். டின்னை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தினமும் ஒரு பிடி போட்டு, என் அடுப்பிலேயே கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கலாம். மாத்தா என் சமையலறைக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் வந்திருந்தால் என்று அடுத்த நினைப்பும் கூடவே வரும். எது சரி என்று இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா கூடையோடு போன அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இறங்கினார். நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

“நனஞ்சா துருப்பிடிக்கும்னு நீதான சொன்ன?”

“பிடிக்கட்டும். தொறந்தே கெடக்கட்டும்.”

அந்தப் பருவம் முடிவதற்குள் கம்பிகள் சிவந்து உதிர ஆரம்பித்தன. ஃபிட்டர் பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் போனார். துணி துவைக்கிற அக்கா வழக்கம்போல வந்துகொண்டிருந்தார். ஆனால் அதன்பிறகு பின்பக்கமாக வரவில்லை. முன்வாசலில் நின்று குரல் கொடுத்து, கூடையை வாங்கிக்கொண்டு போவார். அடுப்பை ஏன் திறந்து போட்டிருக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. இனி இங்கே எதையும் மறைத்துவைக்க முடியாது என்று அவருக்குச் சொல்வதற்காகத்தான் அதைத் திறந்து போட்டிருந்தேன்.