எண்பத்தேழாம் நாள் குடித்த கதிர்காமநாதன்

என் தம்பி கதிர்காமநாதனைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கூடப் பிறந்தவள் நான் சொல்கிறேன், கேளுங்கள். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பின்னேரம் வேலை விட்டால் கால் தானாகச் சாராயத் தவறணைக்குப் போகும். கேட்டால் குடிக்கவேயில்லை என்று சாதிப்பான். அந்தப் பொய்தான் அவன் மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மகளையும் கூட்டிக்கொண்டு பொரளையில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மூண்டு மாசம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் வாறன். இல்லாட்டி வரமாட்டன்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. தம்பி வெள்ளவத்தையில் என் வீட்டில் வந்து தங்கினான்.

நான் சும்மா இருப்பவளா? எங்கள் பகுதியில் மதுவிலக்குச் சங்கம் ஒன்று இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் சாராயத்தை மணந்துகூடப் பார்க்காதவர்கள். அங்கே தம்பியை இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கச் செய்தேன். இருபதாம் நாள் சங்கத்தின் ஆண்டு விழா. 'மதுவை வென்ற வீரர்' என்று அவனை மேடையில் ஏற்றி மாலை போட ஏற்பாடு செய்ததும் நான்தான். சனமெல்லாம் கைதட்டியது. அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் கந்தோரிலிருந்து கால் பின்னப் பின்ன வந்தான். மானம் போச்சுதே என்று நான் திட்டித் தீர்த்தேன். இப்போது நினைத்தால் என் வாயில்தான் போடவேண்டும். இருபது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவனை ஊர் பார்க்க நிறுத்தி வைத்தவள் நான். விஷயம் ஜெகதீஸ்வரியின் காதுக்கும் எட்டியது. மூன்று மாதம் மறுபடி முதலிலிருந்து.

அதன் பிறகு அவன் சங்கத்துப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினான். "ஸவாஹிரின்ர தேத்தண்ணிக் கடையில கூட்டம், அக்கா" என்றான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்ன கூட்டம்? அங்கே தவறணைக்கா பஞ்சம்? கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை ரயிலிலும் ட்ராமிலும் ஏறிப் போய் இறங்கினேன்.

கடையின் பின் அறையில் இரண்டு வாங்குகளில் எட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் தம்பி. துறைமுகத்தில் வேலை செய்யும் கிளறன்ஸ் என்பவர்தான் கூட்டத்தைத் தொடங்கியவராம். என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்க குடிச்சுப் பழகினவங்களா?"

"என்ன கதை கதைக்கிறியள்?"

"அப்ப உள்ளுக்கு வர ஏலாது. இங்க குடிச்சவங்கதான் கதைக்கிறது."

கடைக்காரர் ஸவாஹிர் என்னை முன்பக்கம் உட்கார வைத்தார். "நானும் குடிக்காதவன், அதால நானும் வெளியதான்" என்று சிரித்தார். "என்ட தம்பி குடியாலதான் ஈரல் கெட்டு மௌத்தாப் போனான். அதுக்காகத்தான் இந்த அறையைக் குடுத்திருக்கன்."

முறையைச் சொன்னவரும் அவர்தான். சம்பளம் கையில் விழுகிற சனிக்கிழமை, தவறணைக்குக் கால் இழுக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூடுவார்கள். ஒவ்வொருவரும் எத்தனை நாள் என்று சொல்லவேண்டும். இடையில் குடித்தவன் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவனை ஒருவரும் ஏசக்கூடாது. அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது அவன் வேலை, அவ்வளவுதான். உள்ளே இருந்து "பத்தொன்பது" என்று என் தம்பியின் குரல் கேட்டது. நான் அடுத்த ட்ராமில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை தவறவில்லை. மழையிலும் போனான், காய்ச்சலோடும் போனான். தொண்ணூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அன்று காலை வருவதாக ஜெகதீஸ்வரி சொல்லியனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை, எண்பத்தேழாம் நாள், கந்தோரில் ஒருவருக்குப் பிரியாவிடை. யாரோ கையில் திணித்த விஸ்கியை இவன் குடித்துவிட்டான். வந்து என்னிடம் சொன்னபோது முகத்தில் ரத்தமில்லை.

"ஒரு கிளாஸ்தானே. உன்ர மனிசி வீட்டாக்கள் ஒருத்தரும் காணேல்லை. வாயைப் பொத்திக்கொண்டிரு, முதல் அவள் வந்து சேரட்டும்" என்றேன்.

"இதைத்தானே அக்கா பத்து வருசமாச் செய்தனான்."

சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிட்டு வந்தான். அங்கே சொன்னது அங்கேயே கிடக்கட்டும், இங்கே வாய் திறக்காதே என்று கெஞ்சினேன்.

ஞாயிறு காலை வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. ஜெகதீஸ்வரி ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக இறங்கினாள். "வாங்கோ மச்சாள்" என்று நான் ஓடினேன். அவன் என்னை முந்திக்கொண்டான்.

"பெட்டியை வைக்க முதல் ஒண்டு கேளும். வியாழக்கிழமை குடிச்சனான். ஒரு கிளாஸ். இண்டைக்கு மூண்டாம் நாள். திரும்பிப் போறதெண்டால் ரிக்‌ஷா நிக்குது, நான் குறை சொல்லமாட்டன். நீர் வந்தாலும் வராட்டியும் சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போவன்."

ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லி முடித்தான். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

ஜெகதீஸ்வரி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"பத்து வருசம் உங்கட சட்டையை மணந்து மணந்துதான் நான் அறிஞ்சனான்" என்றாள். "நீங்கள் சொல்லி அறியிறது இண்டைக்குத்தான்."

பிறகு ரிக்‌ஷாக்காரனைப் போகச் சொன்னாள்.