அண்ணரின் மார்பில் இருந்த தழும்பு

இந்த நினைவு மலரின் முகப்பில் எங்கள் அண்ணர் சால்வையின்றி வெற்று மார்புடன் நிற்கிறார். இடப்பக்கத்தில் நீண்ட தழும்பு தெரியும். இந்தப் படம் வேண்டாம் என்று எனக்குச் சொன்ன உறவினர் ஒன்பது பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நயினாதீவில் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணர். ஐயா இளவயதில் காலமானபோது படிப்பை விட்டு, தெற்கே கடை வேலைக்குப் போய் எங்கள் நால்வரையும் படிப்பித்தார். கலவரத்தில் கடை எரிய, ஊர் திரும்பித் தோட்டம் செய்தார். ஒருநாளும் குறைப்பட்டதில்லை. குறைப்படும் வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

எழுபது வயதளவில் அவரது முலைக்காம்பின் பின்னே பயறளவு கட்டி தோன்றியது. மார்பகப் புற்றுநோய் என்றார்கள். ஆள் மாறிச் சொல்கிறீர்கள் என்று நான் வாதாடினேன். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். ஆணுக்கும் சிறிதளவு மார்பகத் திசு உண்டு. உடலில் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்ற ஓமோனும் சிறிது உண்டு. பருவத்தில் பெண்ணின் மார்பை வளர்ப்பது அதுவே. சில புற்று உயிர்க்கலங்களும் அதே ஓமோனைப் பற்றிக்கொண்டு பெருகும். சத்திரசிகிச்சையின் பின், அந்தப் பற்றுதலைத் தடுக்க நாளுக்கொரு குளிசை கொடுத்தார்கள்.

அடுத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது. ஆண்கள் சட்டை கழற்றாமல் உள்ளே போக முடியாது.

“அண்ணை, சால்வையைப் போர்த்துங்கோ. சனம் பாக்கும்,” என்றேன்.

“பாக்கட்டும். கண் இருக்கெல்லே.”

வீதியில் எங்கள் சின்னம்மாவின் மகளுடைய கணவர் மறித்தார். “என்ன அத்தான், ஆரிட்டை வெட்டு வாங்கினியள்?”

“டொக்டரிட்டை. மார்பகப் புற்றுநோய்.”

“பகிடி விடாதேங்கோ! அது பொம்பிளையளின்ரை வருத்தமெல்லோ?”

“அந்த ஓமோன் உமக்கும் இருக்குக் காணும். குளிக்கேக்கை ஒருக்கால் தடவிப் பாரும்.”

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறித்தவர் தன் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிச் சிரித்தபோது, அவர் மனைவியான எங்கள் சின்னம்மாவின் மகள், எங்கள் தங்கை, மட்டும் சிரிக்கவில்லை. வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்துவைத்த கட்டியை அன்றுதான் கணவரிடம் சொன்னாள். சிகிச்சை பெற்று இன்று நலமாக இருக்கிறாள்.

அண்ணருக்கு நோய் பின்னர் எலும்பில் பரவியது. கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடல் கொந்தளித்த நாளிலும் எங்களை ஏற்றிச்சென்ற படகுக்காரருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று கோயில் வீதியில் எடுத்த படத்தைத் தங்கைதான் கொண்டுவந்து தந்தாள்.

“இதைத்தான் போடோணும், சின்னண்ணை. பெரியண்ணை அண்டைக்கு மூடியிருந்தா, நானும் மூடித்தான் வைச்சிருப்பன்.”

வேண்டாம் என்றோர் ஒன்பது பேர். வேண்டும் என்றவள் ஒருத்தி. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான் கூடுதலாக இருந்தது.