உபகாரச் சம்பளமும் ஒரு சாமந்தி மாலையும்

எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்த அன்று, அம்மா 'உபகாரம்' என்ற பாதியைக் காதிலேயே வாங்கவில்லை. "எம் புள்ளைக்குச் சம்பளம் வந்துடுச்சு" என்று கடலூரில் எங்கள் செம்மண்டலம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அது படிப்புக்கான உதவி என்று விளக்கினேன். "சம்பளம் குடுக்கறவன் வேல வாங்காம வுடுவானா?" என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போயிருந்தேன், அதனால் எனக்குப் புரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சிதம்பரத்தில் ஒரு மிராசுதார். அவருடைய தகப்பனார் காலத்துச் சீமைக் கார்கள் மூன்று கொட்டகையில் கிடந்தன. ஒன்றின் பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பழைய கார்களைப் பழையபடி ஆக்கும் தொழிலை ஏழை இளைஞர்களுக்குக் கற்பிக்கப்போவதாகத் தகப்பனார் பெயரில் அவர் அறிவித்திருந்தார்.

நேர்முகத் தேர்வில் மிராசுதாரும் ஒரு தமிழ்ப் பண்டிதரும் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிதர், "கார் என்றால் என்ன?" என்று கேட்டார். நாலு சக்கரத்தில் ஆரம்பித்தேன். "தவறு. ஆவணியும் புரட்டாசியும்" என்றார். மிராசுதார், பெரியவர்களிடம் மரியாதை உண்டா என்று கேட்டார். முதுநகர் லாரி ஷெட்டில் இரண்டு வருஷம் எஞ்சின்களுக்கு வால்வு அரைத்தவன் நான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அவர்களுக்குக் காபி வந்துவிட்டது.

என்னோடு தேர்வானவன் காட்டுமன்னார்கோயில்காரன். எங்களுக்கு ஆசிரியர் மிராசுதாரின் டிரைவர். ஹாரன் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றதை நாங்களே தட்டுத் தடுமாறிக் கற்றோம். துருவைச் சுரண்டினோம், செல்லரித்த கதவுச் சட்டங்களை மாற்றினோம், கிடைக்காத பாகங்களைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி அராவிப் பொருத்தினோம். இடையிடையே நெல் மூட்டையும் ஏற்றினோம். அது செய்முறைப் பயிற்சியாம். ஆனாலும் மூன்று கார்களும் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கியபோது எனக்கு உண்டான சந்தோஷம் பொய்யில்லை.

வருஷக் கடைசியில் கடலூரில் மிராசுதாருக்குப் பாராட்டுக் கூட்டம். இளைஞர்களுக்கு வாழ்வளித்ததற்காக. "பெரிய கார்லதான் போறேன். நீதான் ஓட்டற. வழியில மக்கர் பண்ணாம போய்ச் சேந்தா மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்புக்கு லெட்டர் தர்றேன். நின்னுச்சுன்னா அப்பிடியே ஊட்டுக்குப் போயிடு" என்றார் என்னிடம். அந்தக் கடிதம் இல்லாமல் மெட்ராஸில் என்னை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

கிளம்பும்போது பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், விளக்குகளுக்குச் சந்தனம். முன்பக்கத்தில் ரேடியேட்டரையே மூடிவிடும்படி தொடைப் பருமனில் ஒரு சாமந்தி மாலை. காற்றுப் போகாமல் எஞ்சின் கொதித்துவிடும் என்று கெஞ்சினேன். "கட்டுன மாலையைக் கழட்டறதா? அபசகுனம்" என்றார் மிராசுதார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வெந்த சாமந்தி வாசனை வந்தது. ஆலப்பாக்கத்தை நெருங்கும்போது ரேடியேட்டர் மூடியோரம் ஆவி சீறியது. இன்னும் கொஞ்சதூரம் போனால் எஞ்சின் இறுகிவிடும். நின்றாலோ என் கதை முடிந்தது. பக்கத்திலிருந்த காட்டுமன்னார்கோயில்காரன், "மச்சான், செத்தோம்டா" என்று முணுமுணுத்தான். அப்போது சாலையோரத்தில் இருபது முப்பது பேர் தெரிந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். நான் வண்டியை ஒடித்து அவர்கள் முன்னால் நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்தற?"

"ஐயா, ஜனங்க ஒங்களப் பாக்கணும்னு நிக்கறாங்க. மாலை போடாம வுடமாட்டாங்க போல."

மறுபேச்சில்லாமல் இறங்கினார். நான் மாலையை அவிழ்த்து அவர் கழுத்தில் போட்டேன்.

"என்னடா, சுடுது?"

"வெயில் ஜாஸ்திங்க ஐயா."

கும்பலைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. கல்வியின் பெருமையில் தொடங்கித் தம் பரம்பரைக்குப் போனார். எஞ்சின் ஆறும்வரை பேசினார். அவர் பேச்சால் ஏதோ ஒன்று பயனடைந்ததை அன்றுதான் பார்த்தேன். காட்டுமன்னார்கோயில்காரன் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து, கடையில் வாங்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பஸ் வந்ததும் கூட்டம் ஓடிப்போனது. நாங்களும் கிளம்பினோம். அதன்பின் கடலூர்வரை கார் முனகக்கூட இல்லை.

கூட்டத்தில் அந்த வெந்த மாலையோடு மேடையேறியவர், உபகாரச் சம்பளம் இத்துடன் நிறைவு பெறுகிறது என்று அறிவித்தார். ஏன் என்று அப்புறம் தனியாகக் கேட்டேன். "மூணு காரும்தான் ஓடுதே, இனிமே எதுக்குப் படிப்பு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஒரு வருஷத்துக்கு முன்பே சொன்னதைத்தான் இவர் சொல்கிறார்.

கடிதம் மட்டும் கொடுத்தார். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். 'இவன் ஒழுக்கமானவன், பெரியவர்களிடம் பணிவுள்ளவன், மாலை மரியாதை அறிந்தவன்.' கார் என்ற சொல்லே அதில் இல்லை. ஆவணி புரட்டாசியாகக்கூட இல்லை.

மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி அதை இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மரியாதை எல்லாம் இருக்கட்டும்பா. வால்வு அரைக்கத் தெரியுமா?"

ஒரு வருஷமாக யாரும் என்னைக் கேட்காத கேள்வி. தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன்.