இரண்டேகாலுக்கு ஒரு பொன்னாடை

தவராஜாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. லுசேர்ண் நகரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். தரிப்பிடத்தில் 9:07 என்று எழுதியிருந்தால் அவருடைய பேருந்து 9:07க்குப் புறப்படும். ஒருமுறை கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தவர் அவருடைய சொந்த மைத்துனர். அப்போதும் கதவு திறக்கவில்லை. மைத்துனர் இரண்டு வருடம் அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரைத்தான் நேரம் பிந்தியவர் என்று ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார்கள். ஜெர்மனில் வந்த அந்தக் கடிதத்தை எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் தமிழில் வாசித்தவள் நான். என் பெயர் பிரபாலினி, கழகத்தின் செயலாளர். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பத்தொன்பது வயதில் அகதியாக வந்து, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில்தான் அவருக்கு ரக்பி லீக் பழக்கமானது. கூட வேலை செய்த ஆஸ்திரேலியச் சமையல்காரன் ஒருவன், ஓய்வு நாட்களில் பந்தை அணைத்துக்கொண்டு எப்படி ஓடுவது, எதிரே வருபவனை இடுப்பில் பிடித்து எப்படி விழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தான். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "உதென்ன தவராஜா, முட்டைப் பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மண்ணில உருளுற விளையாட்டு?" என்று கேட்டார்கள். அவர் சட்டை செய்யவில்லை. கால்பந்துக்கு வந்த பொடியன்களை ஒவ்வொருவராக இழுத்தார். ஓர் அணிக்கு வேண்டிய பதின்மூன்று பேர் சேர எட்டு வருடம் பிடித்தது. ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் மாற்றி விட ஆளில்லை. அதுதான் எங்கள் வளர்பிறைக் கழகம்.

போன வருடம் தேசியத் தொடரில் ஓர் இடம் காலியானது. கிடைத்தால் நாடு முழுக்கப் போய் ஆடலாம். கிடைக்காவிட்டால் அணி உடையும். சூரிச் பக்கத்துக் கழகம் ஒன்று எங்கள் அணித்தலைவன் நிருசனையும் இன்னும் நாலு பேரையும் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "இந்த வருசம் மட்டும் பொறுக்கிறம் அண்ணை" என்று ஐந்து பேரும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். தொடரை நடத்தும் சம்மேளனம் கேட்டது பெரிய விஷயமே இல்லை. அவர்களுடைய நடுவர் முன்னால் எங்கள் மைதானத்தில் ஓர் ஆட்டத்தை ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும். தொடக்கம் இரண்டு மணி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் ஆட்டம் இல்லை, இடமும் இல்லை.

கழகத் தலைவர் தில்லைநாதனுக்கு ஆட்டம் தெரியாது, விழா தெரியும். மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று ஒன்றரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டார். சிறப்பு விருந்தினர் சச்சிதானந்தன், நகைக்கடை முதலாளி, ஜேர்சி வாங்கித் தந்தவர். அந்த மனிதர் எந்த விழாவுக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார்? தெரிந்துகொண்டே ஒன்றரை என்று நானும் அச்சடித்தேன்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு இரண்டு அணியும் கோட்டில் நின்றன. குளிரில் குத்துவிளக்கின் தேங்காயெண்ணெய் உறைந்து கிடந்தது. விருந்தினரைக் காணவில்லை.

"அண்ணை, துவங்குவம்," என்றார் தவராஜா.

"பொறும் தம்பி. ஆள் கார் விட இடம் தேடுறாராம்," என்றார் தில்லைநாதன். "ஜேர்சி தந்த மனுசனெல்லோ, என்ன நினைப்பார்?"

"நடுவர் மணியைப் பாக்கிறார்."

"அவருக்குத் தின்ன ஒரு ரோல்ஸ் குடுங்கோ."

இரண்டு ஒன்பதுக்கு சச்சிதானந்தன் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கை கொடுத்தார். உறைந்த எண்ணெயில் திரி பற்றவில்லை. நாலு தீக்குச்சி போனது. நான் ஒலிவாங்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இரண்டு பதினாலுக்கு, "அடுத்து எமது பயிற்றுநருக்குப் பொன்னாடை" என்று அறிவித்தேன்.

தவராஜா நடுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அவர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். படம் சரியாக விழவில்லை, இன்னொருமுறை போடுங்கோ என்றான் படம் எடுத்தவன். இரண்டாம் முறை போர்த்தியபோது இரண்டேகால் தாண்டியிருந்தது, நடுவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பயிற்றுநர் நேரம் பிந்தினார், ஆகவே இடம் இல்லை என்ற சம்மேளனத்தின் கடிதத்தைப் பொதுக்கூட்டத்தில் நான் வாசித்து முடித்ததும் தில்லைநாதன் எழுந்தார். "இது துவேசம். நாங்கள் மேல வாறது வெள்ளைக்காரருக்குப் பிடிக்கேல்ல," என்றார். கைதட்டினார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவேசம் எதுவென்று எனக்குத் தெரியும், வீடு தேடி அலைந்தபோது பட்டிருக்கிறேன். இது அதுவல்ல.

தவராஜா எழும்பினார். கையில் அந்தப் பொன்னாடை.

"கை தட்டாதேங்கோ. அந்த நடுவர் பதினைஞ்சு நிமிசம் குளிருக்க நிண்டவர். என்ர மச்சானுக்கே நான் கதவு திறக்கேல்ல. இந்த முதலாளிக்கு ஏன் குனிஞ்சனான்? மரியாதை எண்டு நினைச்சன். பொடியளின்ர எட்டு வருசம் வீணாப் போட்டுது."

பொன்னாடையை, முன்வரிசையில் இருந்த சச்சிதானந்தனின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். தில்லைநாதன் தொண்டையைச் செருமி, அடுத்தது நன்றியுரை என்றார். நான் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி பத்து மணிக்கு. நிருசனும் மற்ற நாலு பேரும் வரவில்லை, இனி வரமாட்டார்கள். பத்து மணிக்கு தவராஜா விசில் ஊதினார். பத்து இருபதுக்கு தில்லைநாதன் காரை விட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"என்ன பிள்ளை, துவங்கிட்டீங்களோ?"

"ஓம் அண்ணை," என்றேன். "எட்டுப் பேரோட."