ஜெரே எடுக்காத இரட்டைக்குழல்

வெட்சன் ஜெரேயைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவன் என்று சொன்னாலும் வரும். லுவாங்வா பள்ளத்தாக்கில் அவன் வேட்டை வழிகாட்டியாக இருக்கும் முகாமில் நான்தான் சமையல்.

ஜெரே ங்கோனி இனம். விலங்குகளின் தடம் பார்க்கும் கபெம்ப்வா பெம்பா இனம். இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு; எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. “எலித்தின்னி” என்பான் கபெம்ப்வா. “வாடா குரங்குத்தின்னி” என்பான் ஜெரே. முகாமில் பொழுது அப்படித்தான் விடியும்.

துப்பாக்கி விஷயத்திலும் ஓயாத சண்டை. முகாமின் பழைய இரட்டைக்குழலில் இரண்டே தோட்டா. ஆனால் விசையும் இரண்டு, அடுத்தடுத்து வெடிக்கும். ஜெரே ஆசையாக வாங்கிய போல்ட் துப்பாக்கியில் நான்கு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

“இதுல நாலு இருக்குடா!”

“முதல் ரெண்டுதாண்டா என் உயிரக் காக்கும். மிச்சத்த என் சாவுக்கு வெடிச்சுக்கோ, எலித்தின்னி.”

தடம் பார்ப்பவன் கையில் துப்பாக்கி இல்லாமல் முன்னால் நடக்கிறவன். அவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஒரு நாள் மாலை வேட்டைக்கு வந்த விருந்தாளி ஒருவர் சுட்ட காட்டெருமை, காயத்தோடு புதருக்குள் புகுந்துவிட்டது. மறுநாள் காலையில் அதைத் தேடிப் போயாக வேண்டும். விடிந்ததும் நான் சோளக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். கபெம்ப்வா மெதுவாகச் சொன்னான்.

“வெட்சன், இன்னைக்கு ரெட்டைக்குழல எடு. புதர் ரொம்ப அடர்த்தி.”

“குரங்குத்தின்னிக்குத் தொடை நடுங்குதுடோய்!” என்று ஜெரே சிரித்தான்.

புதருக்குள் மிகக் கிட்டத்திலிருந்து எருமை பாய்ந்தது. ஜெரேயின் குண்டு பட்டும் அது நிற்கவில்லை. பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்துத் தள்ளினான். காலித் தோட்டா வெளியே விழாமல் மறுபடி உள்ளேயே போனது. அடுத்த குண்டு வெடிப்பதற்குள் கபெம்ப்வா எருமையின் காலடியில் கிடந்தான். உயிர் பிழைத்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து ஜெரே என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

“அவன் அன்னைக்குக் கேலி பண்ணல. எலித்தின்னின்னு சொல்லாம பேரச் சொல்லிக் கூப்பிட்டான் பாரு, அப்பவே எனக்குத் தெரியும். என் புதுத் துப்பாக்கிய நாலு பேரு பாக்கணும்னு ஆசை. தெரிஞ்சேதான் சிரிச்சேன்.”

கரண்டியாலேயே அவனை அடிக்கலாம் போலிருந்தது எனக்கு. அழுகையும் வந்து தொலைத்தது.

போல்ட் துப்பாக்கியை விற்றுவிட்டான். இப்போது தூக்குவது இரட்டைக்குழல்தான். மாதாமாதம் கபெம்ப்வா வீட்டுக்குச் சோளமாவு மூட்டை கொண்டுபோவான். மாவெல்லாம் வெறும் சாக்குத்தான். கபெம்ப்வா வாயிலிருந்து அந்தப் பழைய வசவு ஒருமுறை வர வேண்டும், வந்தால் மன்னித்துவிட்டான் என்று அர்த்தம். ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

“வாங்க ஐயா, உக்காருங்க” என்றான் கபெம்ப்வா. மனைவியிடம் நாற்காலி கொண்டுவரச் சொன்னான். ஒரு ங்கோனிக்காரனுக்கு, பெம்பா வீட்டில், நாற்காலி!

ஜெரே உட்காரவில்லை. “டேய் குரங்குத்தின்னி, ஒரு வார்த்தை திட்டுடா” என்றான்.

கபெம்ப்வா முகத்தில் கோபமே இல்லை.

“உங்க முன்னாடி இப்ப யாருங்க ஐயா தடம் பாத்து நடக்குறா?”

“முசோண்டா.”

“பெம்பாதானே?”

“ஆமா.”

“அவன்கிட்ட கேலி வச்சுக்காதீங்க. அவன் சொல்றத நெசம்னே எடுத்துக்கங்க ஐயா.”